இரண்டரை அடி

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபது வருஷமாக எக்ஸ்ரே அறையின் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடுங்க’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லி வந்ததில், மூச்சக்கா என்பதே அவள் பேராக நிலைத்துவிட்டது. தரை துடைப்பவர்களிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் மூச்சக்காதான். கணவனும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான். “மூச்சக்கா, என்னையும் கொஞ்சம் மூச்சு விட விடும்மா.”

அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். ஸ்கூல் என்றால் ஒரே ஒரு பழைய கார், அதன் தலையில் ஒரு பலகை. நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டு ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்திவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்க மாட்டான். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். குடியிருப்பது வாடகை வீடு. நாற்பத்தாறு வயது வரைக்கும் மூச்சக்காவின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதில் அவளுக்குக் குறையும் இல்லை.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவன் அவள் தம்பி. கொத்தனாராகத் தொடங்கி, மேஸ்திரியாகி, பிறகு சின்னச் சின்ன வீடுகளை மொத்தமாக ஒப்பந்தம் எடுத்துக் கட்டிக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தவன், காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பேசினான்.

“எத்தனை நாளைக்குக்கா அடுத்தவன் வீட்டையே கட்டிக்கிட்டிருக்கிறது? வெயில்ல காயிறது நான், வித்துட்டு ஏ.சி. கார்ல போறது எவனோ. ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கு. வாரிசுங்க எல்லாம் வெளிநாட்டுல. சீக்கிரம் கை கழுவிட்டாப் போதும்னு இருக்காங்க. இடிச்சிட்டு, கீழ ரெண்டு, மேல ரெண்டு, நாலு வீடு கட்டலாம். உழைப்பு என்னோடது. நீ கொஞ்சம் போடு, இன்னொருத்தரைப் பிடி. மூணு பேருமாச் சேந்து இறங்குவோம்.”

“எனக்கு எலும்பைத் தவிர ஒண்ணும் தெரியாதேடா.”

“வீட்டுக்கும் எலும்புதான்க்கா முக்கியம்.”

அந்த இன்னொருத்தர் ஆஸ்பத்திரி மருந்தாளுநர். மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியதையே பிசகில்லாமல் படித்துவிடுகிற மனுஷர் என்பதால், பத்திரம், பழைய கிரயம், வாரிசுகளின் கையெழுத்து எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ‘வில்லங்கம் ஒண்ணும் இல்லை, தைரியமா இறங்கலாம்’ என்றார். மூச்சக்கா இருபது வருஷச் சேமிப்பை எடுத்துக்கொண்டு போய், கையெழுத்துப் போட்டாள்.

இறங்கிய பிறகுதான் தனக்குள் இப்படி ஒருத்தி இருந்தது அவளுக்கே தெரிந்தது. கட்டட வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் எக்ஸ்ரே படத்தைப் பிடிப்பது போலப் பிடித்துப் பார்ப்பாள். இரண்டே வாரத்தில் தூண் எது, உத்தரம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லப் பழகிவிட்டாள். ஆஸ்பத்திரி விட்டதும் ஸ்கூட்டரில் நேராக அங்கேதான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று செங்கல்லைத் தட்டிப் பார்ப்பாள், மணலைக் கையில் அள்ளிக் கசக்குவாள். ‘சுவத்துக்குத் தண்ணி விட்டாச்சா?’ என்று அவள் போடும் சத்தத்தில் தெருமுனை நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போகும். “இவ என்ன இப்படிக் கிளம்பிட்டா?” என்று கணவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

தப்பு நடந்தது அதற்கும் முன்னால், சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கு.

பழைய வீட்டை இடித்து மண்ணைச் சமன் செய்தாகிவிட்டது. முளையடித்து நூல் கட்டி, எங்கே தோண்ட வேண்டும் என்று தம்பி சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டே வந்தான். இடது பக்கம் வந்ததும் மூச்சக்கா வரைபடத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தாள்.

“தம்பி, இங்க நாலடி விடணும்னு போட்டிருக்கு. நீ விட்டிருக்கிறது அவ்வளவு இல்லையே?”

“ரெண்டரை அடி” என்றான் அவன், கோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “நாலடி விட்டா அந்தப் பக்கத்து ரூம் எட்டரை அடிதான் வரும். கட்டில் போட்டா பீரோ நிக்காது, பீரோ வச்சா மனுஷன் நிக்க முடியாது. பத்தடி வந்தாத்தான்க்கா அது பெட்ரூம். எல்லாரும் பண்றதுதான். அளக்க வர்றவங்க முன்னாடி வாசலை மட்டும் அளந்துட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“பக்கத்து வீட்டுல ஏதாவது சொல்ல மாட்டாங்களா?”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு. இந்தப் பக்கச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். பாதி சாத்தியிருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

“ஒத்தை ஜன்னல்தானேக்கா. வாடகைக்கு இருக்கிறவங்க. இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க.”

மூச்சக்கா அந்த ஜன்னலை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் “சரி” என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிற்பாடு எத்தனை தடவை மனசுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தாளோ, கணக்கே கிடையாது. அன்றைக்கு அது நாக்கில் ஒரு கனமும் இல்லாமல் வந்துவிட்டது.

தூண்கள் எழுந்தன. உத்தரங்கள் வந்தன. இடது பக்கக் கீழ்வீட்டுக்கு ஆள்கூட வந்தாயிற்று. வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவர், மனைவியோடு வந்து, வெறும் தூண்களுக்கு நடுவே நின்று, இங்கே கட்டில், இங்கே அலமாரி என்று கையை வீசிக் காட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் கட்டில் போட்டுக் காட்டியது அந்தப் பத்தடி அறையில்தான்.

பக்கச் சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்த சமயம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறைக்குள் ஒரு தள்ளுகட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். படுத்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடுப்புக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. தோள் மட்டும் பயில்வானுக்கு உள்ளது போல அகலம். இருமல் விடவில்லை என்று நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூச்சக்கா சீட்டை வாங்கி விவரத்தைக் குறித்துக்கொண்டே வந்தவள், முகவரியில் நின்றுவிட்டாள். அதே தெரு. அவர்கள் கட்டுகிற வீட்டுக்கு அடுத்த எண்.

“எவ்வளவு நாளா அண்ணே இருமல்?” என்று கேட்டாள். கேட்பதற்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவர் பதில் சொல்லுமுன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “ஒரு மாசமா. பக்கத்துல வீடு கட்டுறாங்கம்மா. சிமெண்டுத் தூசி. ஜன்னலைச் சாத்துடான்னா மனசு கேக்க மாட்டேங்குது.”

“ஏன்?”

“பின்னே? எட்டு வருஷமாப் படுத்திருக்கேன். எனக்குக் கிடைச்ச ஒரே பொழுதுபோக்கு அதுதான். துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன் நான். நூறடி உசரத்துல, ஒரு பொட்டிக்குள்ள உக்காந்து, கீழ இருக்கிறவனையெல்லாம் எறும்பு மாதிரிப் பாத்தவன். விழுந்தது என்னமோ அங்கேருந்து இல்ல. இறங்கி வந்த பிறகு, ரெண்டு படி பாக்கி இருக்கும்போது.” சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “காலையில எட்டு மணிக்கு என் வீட்டுக்காரி சலவைக் கம்பெனிக்குப் போயிடுவா. நாலு மணிக்குத்தான் வருவா. நடுவுல நானும் அந்த ஜன்னலும்தான். இப்ப அங்க பத்து பேர் வேலை செய்றாங்க. கம்பி கட்டுறவன் கில்லாடி. கலவை போடுறவன் சுத்தத் தூங்குமூஞ்சி. உள்ளேருந்து நான் ஒரு குரல் கொடுப்பேன், திடுக்குனு எழுந்துக்குவான்.”

மூச்சக்கா படத் தட்டை அவர் முதுகுக்கு அடியில் மெதுவாக நகர்த்தினாள். அப்போது, யாரோ மூன்றாம் மனுஷி போல, ஒன்று கேட்டாள். “சுவர் மேல வந்தா உங்க ஜன்னல் மறைஞ்சிடாதா அண்ணே?”

“மறைஞ்சிடும்.”

“அதுக்கு ஒரு அளவு இருக்குமே…”

“இருக்கு. நாலடி. அவங்க விட்டிருக்கிறது ரெண்டரை. படுத்துக்கிட்டே கண்ணால அளந்துடுவேன். என் தொழில் அது.”

அவள் படத் தட்டை இன்னொரு தடவை சரிசெய்தாள். “அப்ப புகார் கொடுக்கலாமே?”

“கொடுக்கலாம். கொடுத்தா வேலையை நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா அப்புறம் நான் யாரைப் பாக்குறது? கொடுக்க மாட்டேன்.”

அந்தக் கணத்தில் மூச்சக்காவுக்கு வந்தது நிம்மதி. உடம்பெல்லாம் குளிர்ந்தது போன்ற நிம்மதி. தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, வழக்கமான குரலில் மூச்சை இழுக்கச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, படத்தை எடுத்தாள். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திய பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாய் வரை வந்த உண்மையை விழுங்கியது ஒன்று. அந்த மனுஷர் புகார் செய்ய மாட்டார் என்று தெரிந்துகொள்வதற்காகவே கேள்விகளை அடுக்கியது இன்னொன்று. முதலாவதற்கு பயம் என்று ஒரு பேர் வைக்கலாம். இரண்டாவதற்கு என்ன பேர் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானமே தம்பியையும் மருந்தாளுநரையும் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார வைத்துச் சொன்னாள்.

“அந்தச் சுவரைத் தள்ளிக் கட்டணும்.”

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். “விளையாடுறியாக்கா? தூண் எழுந்தாச்சு.”

“தூண் நிக்கட்டும். நடுவுல இருக்கிற சுவரை மட்டும் உள்ள இழுக்க முடியாதா?”

“முடியும். ரூம் எட்டரை அடி ஆகும். பேங்க்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கேப்பார். மேல் வீட்டுக்கும் அதே கதைதான். நான் ஊர்ல தலை காட்ட முடியாது.”

மருந்தாளுநர் சத்தமாகப் பேசுகிறவர் அல்ல. “அம்மா, உங்க மனசு புரியுது” என்றார். “ஆனா நம்ம மூணு பேருக்கும் இது முதல் வேலை. முதல்லயே கையைச் சுட்டுக்கிட்டா, அடுத்து எழுந்திருக்க முடியாது. எனக்கு ஓய்வு பெற மூணு வருஷம்தான் இருக்கு. அவரே புகார் கொடுக்கலேன்னு சொல்றார்ங்கிறீங்க. அப்புறம் நாம ஏன் நோண்டணும்?”

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் தன் சேமிப்பும் சேர்ந்து போகும் என்பதும் தெரிந்திருந்தது. மகளின் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. வடை தின்று முடித்த காகிதத்தை எட்டாக மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், கடைசியில் எழுந்து எக்ஸ்ரே அறைக்குப் போனாள். சுவர் வளர்ந்தது. நான்கு நாளில் ஜன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. வலது பக்கமாக வந்து வலது பக்கமாகவே திரும்பிவிடுவாள். தண்ணீர் விட்டாச்சா என்று கத்துவதும் நின்றுபோயிற்று. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று கொத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு, பக்கச் சுவரின் வெளிப்புறத்துக்கு நல்ல வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கை அடிக்கச் சொன்னாள்.

“அது யார் கண்ணுலயும் படாத சுவர்க்கா. பூசி விட்டாலே அதிகம்.”

“அடின்னா அடி. வெள்ளையா இருந்தா கொஞ்சமாவது வெளிச்சம் உள்ள போகும்.”

யாருக்கு உள்ளே போகும் என்று தம்பி கேட்கவில்லை. அடித்துக் கொடுத்தான். உள்ளே உடம்பை நுழைத்து அடிக்க முடியாமல், பெயிண்ட்காரர் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து அடித்தார். அந்தக் காட்சியைத் தூரத்திலிருந்து பார்த்தபோதுதான் இரண்டரை அடி என்றால் எவ்வளவு என்பது மூச்சக்காவுக்கு முழுசாகப் புரிந்தது.

கணவனிடம் சொல்லாமல் எவ்வளவு நாள் இருப்பது? ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவள் அழுதுவிட்டாள். அவன் முழுக் கதையையும் கேட்டான். வழக்கம் போல ஒரு கேலி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

“போய்ச் சொல்லிடு” என்றான். “வண்டியில யாரையாவது இடிச்சிட்டா, இறங்கிப் பாக்கணும்னு நான் சொல்லிக் கொடுக்கிறேன். நீ இறங்கவே இல்ல.”

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். காலை பதினோரு மணி, வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். வேலைக்குப் போகாமல் இருந்த கிரேன்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். ஒல்லியான உடம்பு, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். மூச்சக்கா தன்னை யார் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது. வழியை மட்டும் விட்டாள்.

அறைக்குள் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. ஜன்னல் நிறைய வெள்ளைச் சுவர். கட்டில் அதைப் பார்த்தபடி கிடந்தது.

“வாங்கம்மா” என்றார் அவர். “எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

“அண்ணே, நான் அன்னைக்கு எக்ஸ்ரே ரூம்ல உங்ககிட்ட…”

“தெரியும்.”

“இல்ல, அந்த வீடு…”

“உங்களோடது. தெரியும்மா. அன்னைக்கே தெரியும். தினம் சாயங்காலம் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டே வந்து, சுவத்துக்குத் தண்ணி விட்டாச்சான்னு ஒரு குரல் கொடுப்பீங்களே. முகம் தெரியாது, குரல் தெரியும். எவ்வளவு நாளா இருமல்னு நீங்க கேட்டதுமே பிடிச்சிட்டேன். சரி, அவங்களாச் சொல்றாங்களான்னு பாப்போம்னுதான் பேச்சை வளத்தேன். நீங்க கேள்வியாக் கேட்டீங்க.”

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“புகார் கொடுக்க மாட்டேன்னு சொன்னேன் பாருங்க, அப்ப உங்க முகத்துல ஒரு நிம்மதி வந்தது. அதுதாம்மா எனக்குச் சங்கடமாப் போச்சு. சுவர்கூட அவ்வளவு இல்ல.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிமெண்டும் மணலும் என்ன விகிதம் என்று சொல்கிறவர் போலச் சொன்னார். மூச்சக்கா மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஸ்கூட்டரில் வரும்போது வார்த்தை வார்த்தையாக மனசில் அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த மனைவி அப்போது பேசினாள். “அவர் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவார். எனக்குச் சிரிப்பு வரல. நான் வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் போடணும். முன்னாடி ஜன்னல் பக்கம் போடு, ஜன்னல் பக்கம் போடும்பார். இப்ப எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதான்கிறார்.”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க” என்றாள் மூச்சக்கா. “எதுவா இருந்தாலும்.”

“எதுவா இருந்தாலும்னு எல்லாம் வாக்குக் கொடுக்காதீங்க” என்றார் அவர். அப்புறம் கையைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகக் காட்டினார். “சுவரை இடிங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த இடத்துல உங்க சுவத்துல ஒரு ஜன்னல் போடுங்க. நல்லாப் பெரிசா. அதுக்குத் திரைச்சீலை போடக் கூடாது. உள்ள மனுஷங்க நடமாடுறது தெரியணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். தம்பியிடம் வந்து சொன்னபோது அவன் எகிறினான். “பெட்ரூம் ஜன்னலைத் திறந்தா எதிர்ல ஒருத்தர் படுத்துக்கிட்டு நம்மளையே பாத்துக்கிட்டிருப்பார்னா, எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கா அந்த வீட்டை வாங்குவாங்க?” அவன் சொன்னது வாஸ்தவம்தான். விஷயத்தைக் கேள்விப்பட்ட வங்கிக்காரர், மரியாதையாகவே, முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஜன்னல் போடப் போகிற இடத்தைக் காட்டினதும் செருப்பைத் தேடினார்கள்.

கடைசியில் மூச்சக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். லாபத்தில் தனக்கு வர வேண்டிய பங்கு முழுவதையும், போட்ட முதலையும் விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக அந்த இடது பக்கக் கீழ்வீட்டைத் தானே எடுத்துக்கொள்வது. மற்ற மூன்று வீட்டின் கிரயத்தைத் தம்பியும் மருந்தாளுநரும் பிரித்துக்கொள்வது. மகளின் படிப்புக்கு ஆஸ்பத்திரியில் கடன் போட்டாள். தம்பி இரண்டு மாசம் அவளோடு பேசவில்லை. பேசாமலேயே வந்து, தன் கையாலேயே சுவரை உடைத்து, ஜன்னலுக்குச் சட்டம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

“முதலீடு பண்ணப் போறேன்னு கிளம்பினவ, முதலோட குடி வந்துட்டியே” என்றான் கணவன், சாமான்களை இறக்கிக்கொண்டே. ஆனால் அந்த அறையில் எந்த மூலையில் கட்டில் போடுவது என்று அவன் யோசிக்கவேயில்லை. கட்டிலை நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

கதை அங்கே சுபமாக முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். கிரேன்காரர் நன்றி சொல்கிற ரகம் இல்லை. குடி வந்த மறுநாளே, “அந்த பீரோ மறைக்குது, தள்ளி வையுங்க” என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. பீரோவைத் தள்ளினார்கள். “ரூம் கதவைச் சாத்தாதீங்க” என்றார். சாத்தவில்லை. ஒரு வாரம் போய், கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜை இடம் மாறியது. அப்புறம் வாசல் கதவையும் திறந்தே வைக்கச் சொன்னார். எல்லாம் விலகி ஒரே நேர்கோட்டில் திறந்து நின்றபோது, அவர் கட்டிலிலிருந்து அவர்கள் ஜன்னல், அறைக்கதவு, கூடம், வாசல் எல்லாவற்றையும் தாண்டி, தெருவில் ஒரு முழ அகலம் தெரிந்தது. அந்த ஒரு முழத்தில் பஸ் போகும். சைக்கிள் போகும். குடை போகும். “ஏழு அஞ்சு பஸ் இன்னைக்கு லேட்டு” என்று உள்ளேயிருந்து அவர் சொல்வதைக் கேட்டு, மூச்சக்கா வேலைக்குக் கிளம்புவாள்.

விருந்தாளிகள் வந்தால் நெளிவார்கள். வீட்டுக்கு வந்த மகள் முதல் நாள், “அம்மா, இது வீடா, சினிமாக் கொட்டகையா?” என்று கேட்டாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வாக்குவாதம் முற்றினால், இரண்டரை அடிக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: “இந்த விஷயத்துல அவர் சொல்றதுதாம்மா சரி.” கணவனுக்கு அதில் ஏக சந்தோஷம். கிரேன்காரரின் மனைவி மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் மூச்சக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும், தேவைக்கு மட்டும்தான் பேசினாள். மூச்சக்காவும் அதை மாற்ற முயற்சி செய்யவில்லை.

மூன்று வருஷம் கழித்துத் தம்பியும் ஓய்வு பெற்ற மருந்தாளுநரும் இன்னொரு மனையைப் பார்த்தார்கள். இந்தத் தடவையும் அவளைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் கணவன் நினைத்தான். அவள் சேர்ந்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. அதைச் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுண்ணாம்புக் கோடு போடுகிற அன்றைக்கு, நாலு பக்கமும் டேப்பைத் தானே பிடித்து அளந்தாள். அக்கம்பக்கத்து ஜன்னல் ஒவ்வொன்றையும் தட்டி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தாள். “இப்படிப் பாத்தா நாம வீடு கட்ட முடியாதுக்கா, சாமியார் மடம்தான் கட்டணும்” என்று தம்பி முணுமுணுத்தான். ஆனால் கோட்டை அவள் சொன்ன இடத்தில் போட்டான். அந்த வீட்டில் லாபம் கொஞ்சம்தான். இருந்தாலும் மகளின் படிப்புக்குப் போட்ட கடன் தீர்ந்தது.

இதெல்லாம் ஒரு பக்கம். இவ்வளவு செய்த பிறகும் மூச்சக்காவால் சரிக்கட்ட முடியாத ஒன்று இருந்தது. அந்த ஜன்னலிலிருந்து வானம் தெரியாது. முன்னே தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு மாடிச் சுவருக்கும் ஓட்டுச் சரிவுக்கும் நடுவே அது மாட்டிக்கொண்டுவிட்டது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். மூச்சக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டின் மேல் படபடவென்று சத்தம் கேட்டது.

“மழையாம்மா?” என்று கேட்டார் அவர்.

“மழைதான் அண்ணே.”

“பெரிய மழையா, போக்குக் காட்டுற மழையா?”

அவள் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “நல்லாப் பிடிச்சுக்கிட்டுது. தெருவெல்லாம் ஓடுது.”

“மேகம் எந்தப் பக்கத்துலேருந்து வருது? கடல் பக்கமா?”

அதை அவள் பார்க்கவில்லை. வாசலில் நின்றால் எதிர்வீடுதான் தெரியும், மேகம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? “பாக்கல அண்ணே” என்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் தலையைக் கொஞ்சம் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார். மூச்சக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் மழையில் இறங்கி, நடுத்தெருவுக்கு வந்து, முகத்தில் அடிக்கிற தண்ணீரைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்தாள்.